சிவப்புத் துகள்

போன் அலறியது.

எடுத்தாள். டைரக்டர்.

"உடனே என் ரூமுக்கு வாங்க. போலீஸ் வந்திருக்கு."

ஆய்வகத்தின் சீனியரான அவள் ரிசீவரை மெல்ல வைத்தாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பதினோரு வருஷம்... ஆற்றுத் தண்ணீரை வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களை எண்ணி எண்ணியே கண்ணாடி போட்டுக்கொண்டவள் அவள். ஆனால், ஆற்றில் கழிவைக் கொட்டிய தொழிற்சாலை மேல் வழக்கு வந்ததும், நேற்று முளைத்த ஜூனியரை ஆய்வுக் குழுவுக்குத் தலைவியாக்கிவிட்டார் டைரக்டர்.

வழக்குக்காக இருவரும் ஆளுக்கு ஆறு பாட்டில் ஆற்று நீர் எடுத்து வைத்திருந்தார்கள். முந்தாநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். ஒரு சிவப்பு வாளி மூடியை உப்புத்தாளில் தேய்த்தாள். மாவு போல உதிர்ந்த தூளை ஜூனியர் பெயர் ஒட்டிய ஆறு பாட்டில்களிலும் போட்டுக் குலுக்கினாள்.

ஜூனியர் கதை முடிந்தது என்று நினைத்தாள்.

டைரக்டர் அறை. ஜூனியர் ஒரு மூலையில், அழுது வீங்கிய முகத்தோடு.

இன்ஸ்பெக்டர் விளக்கினார். ஆற்றில் புரண்ட துகள் என்றால் ஓரம் மழுங்கியிருக்குமாம். மைக்ராஸ்கோப்பில் தெரிந்த சிவப்புத் துகள்களோ கூர் போகாமல் அப்படியே இருந்தனவாம். யாரோ வேண்டுமென்றே கலந்திருக்கிறார்கள்.

சீனியர் முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டாள்.

"பாவம் சார், சின்னப் பொண்ணு. அவ உழைப்பெல்லாம் வீணாப் போச்சே..."

"அவங்க பாட்டில்னு யார் சொன்னா?"

சீனியர் ஜூனியரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் தொடர்ந்தார்.

"துகள் இருந்த ஆறு பாட்டில்லயும் உங்க பேர்தாம்மா ஒட்டியிருக்கு."

நாக்கு முந்திக்கொண்டது.

"இருக்காது சார்... நான் அவ பாட்டில்லதான்..."

சட்டென்று நிறுத்தினாள். காலம் கடந்திருந்தது.

ஜூனியர் தரையைப் பார்த்தபடி முனகினாள். "மன்னிச்சிடுங்கக்கா. நேத்து சாயங்காலம் ரெண்டு பேர் லேபிளையும் மாத்தி ஒட்டினது நான்தான். நீங்க எடுக்கிற சாம்பிள்ல தப்பே இருக்காதுன்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்குப் பொறுக்கல, அந்தப் பேரு எனக்கு வரட்டும்னுதான்..."

"இதை இவங்க காலையிலேயே ஒத்துக்கிட்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "தூளைப் போட்டது யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு."

டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தூள் கலந்ததால் ஆறு, லேபிள் மாறியதால் ஆறு; வழக்குக்கு இருந்த ஒரே ஆதாரம், பன்னிரண்டு பாட்டில்களும் பாழ்.

தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார் இன்ஸ்பெக்டர்.

"வாங்க, ரெண்டு பேரும் ஜீப்ல ஏறுங்க. முன் சீட்டு யாருக்குன்னு மட்டும் சண்டை போடாதீங்க... அது என்னோடது!"