சிவந்து போன நீல மருந்து

பதுளைக்கு ரயில் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இன்சுலின் என்ற புது மருந்து அந்த ரயிலில் ஏறிப் பதுளைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அது வந்து சேர்ந்த இடம், கடைவீதியில் புடவைக் கடை வைத்திருந்த மர்ஸூக்கின் வீடு. அவருடைய பத்து வயது மகள் நூருல் இனாயாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு.

காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் உம்மா ஊசி போடுவார். அதற்கும் முன்னால் இனாயாவுக்கு ஒரு வேலை இருந்தது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் தன் மூத்திரத்தை எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் பரவாயில்லை. செங்கல் நிறமானால் சீனி மிகவும் கூடிவிட்டது என்று அர்த்தம்.

"குழாய்க்குள் என்ன?" என்று விருந்தாளிகள் கேட்டால், வீட்டில் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

அந்த வாரம் தொடர்ந்து மூன்று நாள் குழாய் செங்கல்லாகச் சிவந்தது.

"களவா என்னத்த திண்ட?" என்றார் வாப்பா.

"ஒண்டும் திங்கல்ல வாப்பா."

"விரலக் காட்டு."

வாப்பா விரல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். ஸ்பிரிட் வாசம்தான் அடித்தது. உம்மா தலையணைக்கு அடியில் தேடினார். புத்தகப் பையைக் கவிழ்த்தார். தொதல் இனிப்புத் தட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

டொக்டர் வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"வியாழக்கிழமைக்குள்ள நிறம் இறங்க வேணும். இல்லையெண்டால் ஆசுபத்திரிக் கட்டில்தான்."

சனிக்கிழமை பண்டாரவளையில் மாமா மகளின் கல்யாணம். ரயிலில் போக வேண்டும். இனாயா இதுவரை ரயிலில் ஏறியதே இல்லை.

அவள் உட்கார்ந்து யோசித்தாள். ஊசி தவறவில்லை. சாப்பாடு உம்மா நிறுத்துப் போட்டது. மிச்சம் இருப்பது, வாப்பாவின் அக்கா ஜெனீரா மாமி காலையில் தரும் நிலவேம்புக் கசாயம். மூன்று நாளாக அது அவ்வளவாகக் கசக்கவில்லை. நாக்குப் பழகிவிட்டது என்றே நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை அவள் கசாயத்தைக் குடிக்கவில்லை. கோப்பையிலிருந்து எட்டுச் சொட்டு எடுத்து நீல மருந்தில் விட்டுக் கொதிக்க வைத்தாள். சிவப்பு. அடுப்பில் இருந்த கசாயப் பானையிலிருந்து எட்டுச் சொட்டு எடுத்தாள். நீலம்.

இரண்டு குழாய்களையும் மாமியிடம் கொண்டுபோனாள்.

"பானையில நீலம். கோப்பையில சிவப்பு. நடுவில என்ன நடந்த மாமி?"

மாமி அரிசிப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு போத்தலை எடுத்தார்.

"தேன் புள்ள. பள்ளிவாசல் லெப்பைக்கிட்ட குடுத்து ஓதி எடுத்த. ஓதின தேன் ஒண்டும் செய்யாதுண்டு நெனச்ச."

"லெப்பை அப்பிடிச் சொன்னாரா?"

"யாருக்குண்டு நான் அவருக்கிட்ட சொல்லவே இல்லியே."

"ஓதினது போகாது மாமி. இனிப்பும் போகல்ல."

மாமியின் கண் கலங்கியது. "ஒங்க உம்மாக்கு வெளங்கினா இனி என்னெ அடுப்படிக்கே விடமாட்டா."

இனாயா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம். நான் பேசுறேன்."

உம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஏசுவதற்கு வாயைத் திறந்தார். இனாயா முந்திக்கொண்டாள்.

"மாமி கொண்டு வந்தது நல்ல மருந்து உம்மா. குடுத்த நேரம்தான் பிழை. ஊசி போட்ட பொறகு சாப்பாடு சுணங்கினா சீனி கொறஞ்சி கை நடுங்கும், அப்ப ஒரு கரண்டி இனிப்புக் குடுங்கண்டு டொக்டர் சொன்னாரே. சனிக்கிழமை ரயில் சுணங்கினா? தேனுக்கு மாமிதான் பொறுப்பு."

உம்மா ஒரு கரண்டியை எடுத்து மாமியிடம் நீட்டினார். கேட்டுக்கொண்டு நின்ற வாப்பா தன் விரலையே மோந்து பார்த்தபடி கடைக்குப் போனார்.

வியாழக்கிழமை குழாய் பச்சையானது.

"போகலாம்," என்றார் டொக்டர்.

சனிக்கிழமை ரயிலில் இனாயா ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்தில் வாப்பா. எதிரே உம்மாவும் மாமியும். மாமியின் ஒரு கையில் போத்தல், மறு கையில் கரண்டி. தேயிலை மலைகளில் ஒன்றைக்கூட மாமி பார்க்கவில்லை. இனாயாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுங்குதா?"

"இல்ல மாமி."

ஹாலிஎலை ஸ்டேஷனில் மறுபடியும் கேட்டார்.

"இல்ல மாமி."

தெமோதரைக்குச் சற்று முன்னால் ரயில் சுரங்கத்துக்குள் புகுந்தது. ஒரே இருட்டு. ஜன்னல் வழியாகப் புகையும் குளிரும் உள்ளே வந்தன. மாமி தட்டுத்தடவி ஒரு கையைப் பிடித்தார். அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னேனே. வாயத் தொற புள்ள, வாயத் தொற."

கரண்டி ஒன்று போனது. பிறகு இன்னொன்று.

ரயில் வெளிச்சத்துக்கு வந்தது. இனாயா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். வாப்பாவின் தாடியிலிருந்து தேன் சொட்டியது.

"லாத்தா, இது என்ட கை," என்றார் வாப்பா. "குளிருக்கு நடுங்கின."

மாமி கரண்டியைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

வாப்பா மீசையை ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"அடுத்த சுரங்கம் எப்ப லாத்தா வரும்?"