கால் மேல் விழுந்த பழி

தெருமுனை மெக்கானிக் மாமா மேல் எனக்கு அப்போது அடங்காத கோபம். அவர் அப்பாவிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"வண்டியில ஒரு குறையும் இல்லப்பா. கியர் வெண்ணெய் மாதிரி விழுது. உன் கால்லதான் பலம் போயிடுச்சு."

அன்றிலிருந்து அப்பா யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வேன் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் மோதியது. இடது பாதம் நொறுங்கிப் போனது. கியர் மாற்றும் கால் அதுதான். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். ஐந்து மாதம் படுக்கை, இரண்டு மாதம் ஊன்றுகோல். போன மாதம்தான் மறுபடி வேலைக்குப் போனார். நோயாளிகளின் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகும் வேலை. வண்டி ஓட்ட முடியாதவருக்கு அங்கே இடமில்லை.

காலையில் என்னைப் பள்ளியில் விடும்போது கியர் ஒழுங்காக விழும். மதியத்துக்கு மேல்தான் விழாமல் அடம்பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும்போது சிக்னலில் நின்றோம். அப்பா நியூட்ரலுக்கு மாற்றப் பார்த்தார். விழவில்லை. கிளட்சை இறுக்கிப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் முண்டியது. பிறகு இன்ஜின் நின்றே போனது. பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது.

அப்பா இறங்கி, நொண்டிக்கொண்டே வண்டியை ஓரமாகத் தள்ளினார். நானும் பின்னாலிருந்து தள்ளினேன்.

"நடக்கவே முடியல, உனக்கெல்லாம் வண்டி எதுக்குய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார் லாரிக்காரர்.

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடைபாதையில் உட்கார்ந்தார். உள்ளே அழுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை.

அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினோம். இப்போது கியர் சமர்த்தாக விழுந்தது.

"பாத்தியாம்மா, கால் ஓய்வெடுத்தா சரியாகுது. மெக்கானிக் சொன்னது நெஜம்தான்" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "நாளைக்குப் பத்து மணிக்கு வண்டியை விலைக்கு வாங்கிட்டுப் போக ஆள் வரான். வேலையையும் விட்டுடறேன். இந்தக் கால் இனி எதுக்கும் ஆகாது" என்றார்.

அம்மா கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அரை மணி நேரம் கால் மட்டுமா ஓய்வெடுத்தது? வண்டியும்தானே ஓய்வெடுத்தது. கொதித்துக்கொண்டிருந்த இன்ஜின் ஆறியிருக்குமே. அப்புறம் பழி மட்டும் ஏன் கால் மேல்? இது எந்த ஊர் நியாயம்?

காலையில் எழுந்ததும் அப்பாவிடம் போய் நின்றேன்.

"அப்பா, மாடிப்படி ஏறி இறங்குங்கப்பா."

"எதுக்கு?"

"கால் நல்லா வலிக்கணும். வலிச்சதும் வண்டியை எடுங்க. அது இப்போ ஆறிப்போய் நிக்குது. கால்ல பலம் இல்லன்னா இப்பவும் கியர் விழக்கூடாது. விழுந்துச்சுன்னா தப்பு கால் மேல இல்ல."

"பெத்த அப்பாவை இப்படியாடி பாடாப் படுத்துவ? பேசாம உக்காரு" என்றார் அம்மா.

அப்பா என்னை முறைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

எங்கள் கட்டடம் மூன்று மாடி. முதல் தடவை சும்மா ஏறி இறங்கினார். இரண்டாவது தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். முகமெல்லாம் வியர்வை. கியர் விழாமல் போனால்? நொந்துபோன மனுஷரை இன்னும் நோகடித்தவள் நான்தான்.

"போதும்பா" என்றேன்.

"இன்னும் ஒரு தடவை. சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது."

நான்காவது தடவை இறங்கி வந்து வண்டியைக் கிளப்பினார். வாசலிலேயே வட்டம் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்ப ஒன்று. நியூட்ரல். எல்லாம் டக் டக்கென்று விழுந்தன.

"கால் உயிர் போற மாதிரி வலிக்குது. ஆனா கியர் விழுது" என்றார் அப்பா மெதுவாக. "ஏறு பின்னால."

வண்டி நன்றாகச் சூடாகும்வரை ஊரைச் சுற்றினோம். கியர் மறுபடி முரண்டு பிடிக்க ஆரம்பித்ததும் நேராக மெக்கானிக் கடைக்குப் போனோம்.

"மாமா, சூடு ஆறறதுக்குள்ள நீங்களே ஓட்டிப் பாருங்க" என்றேன்.

"நான்தான் ரெண்டு தடவை பாத்துட்டேனே பாப்பா."

"ரெண்டு தடவையும் காலையில பாத்தீங்க. காய்ச்சல் விட்டப்புறம் பாத்தா டாக்டருக்கு என்ன தெரியும்?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். மாமா ஏறி உட்கார்ந்தார். ஆள் பீப்பாய் மாதிரி இருப்பார். தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து நியூட்ரலுக்கு மிதித்தார். விழவில்லை. ஓங்கி மிதித்தார். அவர் செருப்புதான் கழன்று விழுந்தது.

கிளட்ச் பிடியை இழுத்துப் பார்த்தார். பாதி தூரம் தொளதொளவென்று சும்மாவே வந்தது.

"அடக் கடவுளே. விபத்துக்கப்புறம் நான் போட்ட புது கேபிள். ஓட ஓட நீண்டிருக்கு. திரும்ப இறுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. கிளட்ச் முழுசா விடல. அதான் சூடானதும் கியர் மாட்டிக்குது."

ஆயிலையும் இறக்கினார். விபத்துக்கு முன்னால் ஊற்றியது. கறுத்து, தண்ணீராய் ஓடியது. கேபிளை இறுக்கி, புது ஆயில் ஊற்றி, வண்டியை அப்பாவிடம் நீட்டினார்.

"சூடாக்கிட்டுத்தான் பாக்கணும்" என்றேன் நான்.

"சரிங்க மேடம்" என்றார் மாமா.

மறுபடி ஊரைச் சுற்றிவிட்டு வந்து கடை வாசலில் நிறுத்தினோம். இன்ஜின் பக்கத்தில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சூடு. அப்பா நியூட்ரலுக்கு லேசாகத்தான் அழுத்தினார். விழுந்தது.

மாமா தலையைச் சொறிந்தார். "உன் கால் மேல அநியாயமாப் பழி போட்டுட்டேன். மன்னிச்சுக்கோப்பா."

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினார். "என்கிட்ட எதுக்கு? இதுகிட்டயே சொல்லு."

"மன்னிச்சுக்கோ ராசா" என்றார் மாமா, காலிடம்.

அப்போது அப்பாவின் போன் அடித்தது. வண்டியை எடுக்க வந்த ஆள் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறாராம்.

"சிரமத்துக்கு மன்னிக்கணும்ங்க, வண்டியைக் குடுக்க முடியாது" என்றார் அப்பா. "திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கு."