பின்சீட்டுக் கண்ணாடி

காலையில் பார்க்கும்போது வண்டியின் இடது பின்கதவுக் கண்ணாடி நாலு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டுத்தான் சில்வியா இறங்கினாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மகள் ஈவ்லினுக்கு இளைப்பு. ஏழு வயசுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று எந்நேரமும் முனகிக்கொண்டே இருக்கும். மைசூர்ப் பனி கொஞ்சம் உள்ளே போய்விட்டால் போதும், விடியும்வரை தாயும் மகளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் கண்ணாடியை ஏற்றுவது அவளுக்கு அடுப்பை அணைப்பது மாதிரி, கை தானாகச் செய்கிற வேலை.

"சிகரெட் பிடிச்சியா?" என்று கணவனைக் கேட்டாள்.

"அத விட்டாச்சுன்னு என்னை சர்ச்சுல நிக்கவெச்சு சாட்சி சொல்ல வெச்சது நீதானே?" என்றான் மெர்வின், பல் துலக்கிக்கொண்டே.

"அப்ப கண்ணாடிய எறக்கினது யாரு?"

"டூட்டி முடிஞ்சு தூங்கி வழிஞ்சுட்டு வந்து நீயே எறக்கியிருப்ப. சும்மனே காலைலயே கோர்ட்டு வெக்காத மகராசி."

சில்வியா பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்தாள். சீட்டு ஜில்லென்றிருந்தது. உள்ளே அடித்தது பனியின் வாசனை இல்லை. துடைத்துக் காய்ந்த ஸ்பிரிட், ஈரம் போகாத போர்வை, அதற்கும் அடியில் எத்தனை சோப்புப் போட்டாலும் சாயங்காலம்வரை தன் கையிலேயே தங்கிவிடுகிற அந்தப் புளித்த நெடி. ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் பையை நேற்று பின்சீட்டில் போட்டதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி சாதுவாக மேலே ஏறியது.

மறுநாளும் இறங்கியிருந்தது. அதே அளவு. விரல்களைச் சேர்த்து இடைவெளியில் வைத்துப் பார்த்தாள். நாலும் அளவெடுத்தது மாதிரி நுழைந்தன.

மண்டி மொஹல்லாவில் உதயகுமாரின் மெக்கானிக் கடை, இரண்டு பழைய இரும்புக் கடைகளுக்கு நடுவே ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய சந்து. தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரன். எந்த வண்டி வந்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் கையை வைப்பான். கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றிவிட்டு ஒயர்களைத் தடவினான்.

"கோளாறு எங்கிருக்குதுன்னு கண்டுபுடிக்க ஒரே வழிதானுங்க சிஸ்டர். இந்தக் கதவு சுவிட்ச அந்தக் கதவுக்கு மாத்திப் போடுவேன். கோளாறும் கூடவே போச்சுதுன்னா சுவிட்சு அவுட்டு. இங்கயே நின்னுக்கிச்சுன்னா மோட்டாரப் பாக்கோணும்."

"மோட்டாரும் நல்லா இருந்தா?"

"அப்புறம் உள்ள உக்கார்றவங்களத்தான் மாத்திப் பாக்கோணும்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

சுவிட்சை மாற்றினான். கோளாறு சுவிட்சோடு போகவில்லை. மோட்டாரை மாற்றினான். ஞாயிறும் திங்களும் சில்வியாவுக்கு லீவு. இரண்டு நாளும் கண்ணாடி இறங்கவே இல்லை. "பிடிச்ச பீடை ஒழிஞ்சுச்சு" என்றான் மெர்வின். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போய் வந்தாள். புதன்கிழமை விடிந்தபோது, நாலு விரல்.

உதயகுமார் இந்தத் தடவை மோட்டாருக்குப் போகிற ஒயரையே பிடுங்கிவிட்டான். "இனி சாமியே வந்து பட்டன அமுத்துனாலும் எறங்காதுங்."

அடுத்த நாள் காலை வாசலில் நின்று அந்தக் கறுத்த இடைவெளியைப் பார்த்த சில்வியா, டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு நாலு விரலையும் மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தாள்.

அன்றைக்கு ஐசியூவில் ஒரு பெரியம்மா போய்விட்டார். குழாய்களை எடுத்து, ஈரப் பஞ்சால் இமைகளை மூடி, கட்டுத்துணியைத் தேடும்போது, ஆயா மாரியம்மாவின் கை சுவரில் எதையோ துழாவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பழைய வார்டில் மரச் சன்னல்கள் இருந்தன. யாராவது போய்விட்டால் போர்வையை முகத்துக்கு இழுப்பதற்கு முன்னால் மாரியம்மா சன்னலைக் கொஞ்சமாகத் திறந்துவைப்பாள். டாக்டர்களும் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் புதிய கட்டடத்துக்கு வந்தார்கள். இங்கே கூரையிலிருந்து தரைவரை ஒரே கண்ணாடி. கொக்கி இல்லை, கீல் இல்லை. இங்கே முதல் சாவு விழுந்த அன்றைக்கே மாரியம்மா கேட்டாள்.

"எங்க தொறக்குறது சிஸ்டர்?"

"தொறக்க முடியாது மாரியம்மா. ஏசி."

"அப்ப அவங்க எந்த வழியா போவாங்க?"

வேலை தலைக்குமேல் இருந்தது. "லிஃப்ட்ல போவாங்க, போ" என்று சொல்லிவிட்டாள் சில்வியா. பக்கத்துப் படுக்கைக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த இன்னொரு நர்ஸ் சத்தம் போட்டுச் சிரித்தாள். மாரியம்மா சிரிக்கவில்லை.

இன்றைக்கு டூட்டி முடிந்து லிஃப்டில் தனியாகக் கீழே இறங்கும்போது அது ஞாபகம் வந்தது. லிஃப்ட் மெதுவாக இறங்கியது, ஆள் நிறைந்தது மாதிரி, ஒவ்வொரு மாடியிலும் முனகிக்கொண்டு. கடைசியில் கதவு திறந்தது. தரைக்கு அடியில், ஊழியர்கள் வண்டி நிறுத்துகிற இடம். கதவுக்கு நேரெதிரே அவளுடைய வண்டி.

அவள் நேராக மண்டி மொஹல்லாவுக்கு விட்டாள்.

"கரண்டு இல்லாம கண்ணாடி நகராதுங்க சிஸ்டர். யாரோ கையில இழுத்திருக்காங்க" என்றான் உதயகுமார். கண்ணாடியின் மேல் ஓரத்தில் வாயை வைத்து "ஹா" என்று ஊதினான். ஆவியில் விரல் தடங்கள் எழும்பி வந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, கீழ்நோக்கி வழுக்கின தடங்கள். "பாருங். இது பாப்பா கையில்லீங். பெரியவங்க கை. ஒருத்தர் கை மட்டுமில்ல. ஏனுங், ஷிஃப்டு முடிஞ்சு ஆள் ஏத்திக்கிட்டு வேன் ஓட்டுறீங்களா?"

சில்வியா ஒரு தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மோதிர விரல் இல்லை.

செவ்வாய்க்கிழமை போன கெம்பையன், பஞ்சாலைக்காரர். மெஷினில் போன விரலைக் காட்டி, "அதுல மாட்டாதீங்க சிஸ்டர், அது ஊர்ல இருக்கு" என்று சொன்னவர். ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை அவருடைய நடுவிரலில் மாட்டியது இவள்தான். கழற்றியதும் இவள்தான்.

துப்பட்டாவின் நுனியால் தடங்களைத் துடைத்தாள். அழுத்தி அழுத்தித் துடைத்தாள். மனசுக்குள் ஒரே எண்ணம்: ஈவ்லின் உட்காருகிற இடம். அந்த இடைவெளி வழியாக இது உள்ளே வருகிறது. வரவிடக் கூடாது.

"அடைச்சிருங்க அண்ணா."

"விரல் மார்க்கு உள்பக்கமா இருக்குதுங்…"

"கதவுக்குள்ள கட்டைய வெச்சு அடைச்சிருங்க. இது மட்டுமில்ல, நாலு கண்ணாடியும். இனி எதுவும் ஒரு நூலு கூட எறங்கக் கூடாது."

"காத்தே வராதுங். பொட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

"ஏசி இருக்குது. அடைங்க."

அவன் அடைத்தான். கதவுகளுக்குள் மரக்கட்டைகளை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கினான். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் நெஞ்சு கொஞ்சம் லேசானது. கடைசிக் கதவை அடைக்கும்போது உள்ளிருந்து பெருமூச்சு மாதிரி ஒன்று வந்தது. ரப்பர் அழுந்தின சத்தம் என்றான்.

காலையில் நாலு கண்ணாடியும் ஏறியே இருந்தன. மறுநாளும். அதற்கடுத்த நாளும். மெர்வின் கேக் வாங்கி வந்தான்.

ஆனால் கண்ணாடிகளில் உள்பக்கமாக ஆவி படிய ஆரம்பித்தது. துடைத்தால் மறுபடி படிந்தது. வேகத்தடை ஏறும்போது வண்டியின் அடிப்பக்கம் தரையில் உரசியது. ரோட்டோரத்தில் காற்றுப் பிடிக்கிறவன், டயரில் காற்று சரியாகத்தான் இருக்கிறது, பின்பக்கம் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது என்றான். கன்னடத்தில், கொஞ்சம் கோபமாகவே கேட்டான்: என்ன மேடம், இத்தனை லோடு ஏத்துறீங்க?

பின்சீட்டில் ஈவ்லின் ஒருத்திதான் இருந்தாள்.

அவள் கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களைச் சேர்த்து, பையை மடியில் வைத்து, நெரிசலான பஸ்ஸில் உட்காருகிற மாதிரி.

"நல்லா தள்ளி உக்காரு கண்ணு. அவ்வளவு எடம் இருக்குதே."

"ஜாகா இல்லம்மா." இடத்தை அவள் பள்ளிக்கூடத்துக் கன்னடத்தில் ஜாகா என்றுதான் சொல்வாள்.

"என்ன விளையாட்டு இது?"

ஈவ்லின் பக்கத்தில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஐசியூவில் இரண்டு பேர் போய்விட்டார்கள். சில்வியா படிக்கட்டு வழியாக இறங்கினாள். வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போய்விடலாமா என்று கூட நினைத்தாள். வெளியே மழை சாத்திக்கொண்டிருந்தது. டியூஷனில் ஈவ்லின் காத்திருப்பாள், நனைந்தால் இளைப்பு வந்துவிடும். எடுத்தாள். வண்டி மேட்டில் ஏற அடம்பிடித்தது. முதல் கியரில், மூச்சிரைத்துக்கொண்டு, ஏறியது.

டியூஷன் வாசலில் ஈவ்லின் பின்கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றாள்.

"முன்னால உக்காரட்டுமா?"

"உக்காரு."

"முன்னாலயும் ஆள் இருக்காங்க."

"ஈவ்லின்! மழை. ஏறு."

ஏறினாள். இடுங்கிக்கொண்டு. பாதி வழியில் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்தது. சில்வியா ஒரு கையால் பையைத் துழாவி இன்ஹேலரைக் கொடுத்தாள். ஈவ்லின் அழுத்தினாள். காலி. குலுக்கி அழுத்தினாள். காலி.

"கண்ணாடி எறக்கும்மா. மூச்சு முட்டுது."

"எறங்காது கண்ணு. மெடிக்கல் வந்துருச்சு."

மண்டி மொஹல்லாவின் வழக்கமான மருந்துக் கடை வாசலில் வண்டியைச் சொருகினாள். கரண்ட் போயிருந்தது. கடைக்குள் மட்டும் ஒரு வெள்ளை விளக்கு. தெருவில் தண்ணீர் கணுக்காலளவு ஓடியது. பிள்ளையை இந்த மழையில் இறக்க முடியாது.

"போகாதம்மா."

"ரெண்டே நிமிஷம்."

"என்னை விட்டுட்டுப் போகாத. அவங்க எல்லாம் என்னையே பாக்குறாங்க."

"இங்கிருந்தே தெரியும் கண்ணு, அதோ கடை. அம்மா பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

பூட்டினாள். ஓடினாள். கடையில் நாலு பேர் முந்திக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு நிமிஷம் மேடம்" என்றான் கடைக்காரன். அவள் கத்தினாள். பிள்ளைக்கு மூச்சு என்று தமிழிலும் கன்னடத்திலும் கத்தினாள். கூட்டம் விலகியது. இன்ஹேலரைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

வண்டி தாழ்ந்து நின்றது. பின்சக்கரங்கள் பாதி தெரியவில்லை.

சாவியை அழுத்தினாள். டக். பூட்டு திறந்த சத்தம். கைப்பிடியை இழுப்பதற்குள், டக். மூடிக்கொண்டது.

மறுபடி அழுத்தினாள். டக். டக்.

"ஈவ்லின்! கதவத் தொற!"

மழை. மழைக்கு உள்ளே இன்னொரு சத்தம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். புஸ்ஸென்று ஏறி, நின்று, இறங்குகிற சத்தம். வென்டிலேட்டர். ஒன்றில்லை. பல.

போனை எடுத்தாள். விரல் வழுக்கியது. இரண்டு சந்து தள்ளித்தான் உதயகுமாரின் கடை.

"உதயகுமார் அண்ணா, கண்ணாடிய எப்படி எறக்குறது? வெளியிலிருந்து எப்படி எறக்குறது?"

"எறங்காதுங்க சிஸ்டர்." அவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். "கட்ட வெச்சிருக்குதே. நீங்கதானே ஒரு நூலு கூட எறங்கக் கூடாதுன்னு…"

போன் தண்ணீரில் விழுந்தது.

கல்லைத் தேடினாள். செங்கல். ஓங்கி அடித்தாள். செங்கல் உடைந்தது. கையால் அடித்தாள். உள்ளேயிருந்தும் அடித்தார்கள். உள்ளங்கைகள். பெரிய உள்ளங்கைகள், மேல் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தன, இழுத்தன. ஒன்றில் மோதிர விரல் இல்லை. அந்தக் கைகளும் அவள் மாதிரியேதான் தவித்தன. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. உள்ளே வருவதற்கு இல்லை. அவர்கள் கண்ணாடியை இறக்கியது ஒருநாளும் உள்ளே வருவதற்கு இல்லை, வெளியே போவதற்கு.

கைகள் ஓய்ந்தன.

கரண்ட் வந்து, தெருவிளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கண்ணாடிகளில் ஆவி படிந்தது. முன்னால் ஒரு வட்டம். பின்னால் ஒன்று. அதன் பக்கத்தில் ஒன்று. அதற்கும் மேலே, கூரையை ஒட்டி. எல்லா வட்டங்களும் சேர்ந்தே விரிந்தன, சேர்ந்தே சுருங்கின. ஏறி, நின்று, இறங்கின.

இடது பின்கதவில் ஈவ்லினின் முகம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மூக்கு அழுந்தி, வாய் கொஞ்சம் திறந்து. இமைகளை யாரோ பக்குவமாக மூடிவிட்டிருந்தார்கள்.

அவள் முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்தது.