சாயாத கப்பல்

மூன்றாம் முறையும் கப்பல் இடப்பக்கமாகவே சாய்ந்து கிடந்தது. ஒன்றரைச் சாண் நீளத் தேக்குக் கப்பல். சன்னல் அடைத்திருந்தது; காற்றில்லை, எலி ஓடிய தடமில்லை. பச்சமுத்து ஆசாரி வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய முளைக்கட்டைகள் இரண்டும் அடிப்பலகைமேல் அப்படியே நிற்க, கப்பல் மட்டும் பிடுங்கிக்கொண்டு விழுந்திருந்தது. பலகை நனைந்திருந்தது. சௌந்திரம் விரலால் தொட்டு முகர்ந்தாள். காவிரிக்கரை மோகனூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஆற்று வாடை தெரியாதா? இது அதுவல்ல. ஊறிய கயிறும் கருவாடும் கலந்தாற்போல் தொண்டையைக் கரிக்கிற வாடை.

அவள் புருஷன் சென்னிமலை, கல்யாணமான நாலாம் மாதம் ரங்கூன் மரவாடிக்கு வேலைக்குப் போனவன். அங்கே குண்டு விழத் தொடங்கியதும் ஊர் திரும்பக் கப்பலேறினான். துறைமுகத்தில் காத்துக் கிடந்த நாட்களில் அவன் செதுக்கியது இது. கையில் சாமான் கூடாதென்று தடுத்துவிட்டதால், இடம் கிடைக்காமல் நின்றுவிட்ட கூட்டாளி பெரியசாமியிடம் கொடுத்தனுப்பினான். பெரியசாமி மலைக்காடெல்லாம் நடந்து, கால் புண்ணாகி வந்து சேர்ந்துவிட்டான். சென்னிமலை ஏறிய கப்பலைப் பற்றி எட்டு மாதமாகச் சேதியில்லை.

கருமாதி செய்துவிடுவோம் என்று சென்னிமலையின் அண்ணன் குழந்தைவேல் நாள் குறித்துவிட்டார். சௌந்திரம் அவர் காலில் விழுந்தாள். உங்கள் தம்பி செய்த கப்பல் நிற்கிறவரை அவர் இருக்கிறார், தாலியில் கை வைக்காதீர்கள் என்று அழுதாள். குழந்தைவேல் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஞாயித்துக்கெழம வாரேன் அம்மிணி. அது நட்டுக்க நின்னுதுன்னா ஒரு வருசம் பொறுக்கறேன். சாஞ்சு கெடந்தா நாஞ் சொல்றதக் கேக்கோணும்."

இன்று ஞாயிறு.

காலையில் ஆசாரி மறுபடி வந்திருந்தார். ஒட்டு நிற்காது, பலகைக்கு அடியிலிருந்து முளைகள் வழியாகக் கப்பலின் அடிக்கட்டைக்குள் திருகாணி ஏற்றிவிடலாம் என்றார். முளைகளில் துளை போட்டார். கப்பலைக் கவிழ்த்து அடிக்கட்டையில் இரண்டு துளை போட்டார். இரண்டாம் துளையில் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். துளையிலிருந்து தண்ணீர் நூலாக வழிந்தது.

"இது ஒத்தக் கட்டைங்க அம்மிணி. உள்ள பொள்ளலே இல்லீங்க," என்றார். திருப்புளியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

உச்சி வெயிலில் தெருக்கோடியில் ஆட்கள் பேசிவரும் சத்தம் கேட்டது. சௌந்திரம் கதவைத் தாழிட்டாள். கப்பலை மடியில் கவிழ்த்து, பலகையைப் பொருத்தி, முதல் திருகாணியை வைத்துத் திருகினாள். மரம் முனகியது. பாதி ஏறியபோது கப்பலுக்குள் தட்டும் சத்தம் கேட்டது. விரல் மூட்டால் தட்டுவதுபோல். மெதுவாக. பிறகு வேகமாக. அப்புறம் ஒரு கை அல்ல, பல கைகள். நகங்கள்.

அவளுக்குக் கை வழுக்கியது. கழற்றிவிடலாம். கழற்றினால் சாய்ந்துவிடும்.

வெளியே கதவு தட்டப்பட்டது. குழந்தைவேல் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்றாள் சௌந்திரம், மடியிலிருந்ததைப் பார்த்து. "உங்களுக்காகத்தானுங்க."

இரண்டாவது திருகாணியை முழுப்பலத்தோடு ஏற்றினாள். உள்ளங்கை கிழிந்தது. சீலை மடி நனைந்தது. உள்ளே யாரோ ஒரு நீண்ட மூச்சு விட்டார்கள். தட்டும் சத்தம் நின்றது.

கப்பலை நிமிர்த்தி மாடத்தில் வைத்தாள். நின்றது. அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கதவைத் திறக்க எழுந்தவள் தடுமாறிச் சுவரில் மோதினாள். தரை ஒரு பக்கமாக ஏறியிருந்தது.

உத்தரத்தில் தொங்கிய விளக்கைப் பார்த்தாள். சங்கிலி சாய்வாகத் தொங்கிற்று. குடத்துத் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி வழிந்தது. உரல் நகர்ந்தது. மெல்ல. இடப்பக்கமாக.

கப்பல் மட்டும் நேராக நின்றது.

கதவுத் தட்டல் நின்றுவிட்டது. தெருச் சத்தமும் இல்லை. காதுக்குள் ஒரு கனம். கைகளால் தரையைப் பற்றித் தவழ்ந்து, சன்னல் கதவைத் தள்ளினாள்.

வெயில் ஆழத் தண்ணீருக்குள் விழுவதுபோல் பச்சையாக இருந்தது.

குழந்தைவேல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தமில்லை. அவிழ்ந்த குடுமி முழுதும் தலைக்கு மேலே எழுந்து, மெதுவாக, மிக மெதுவாக அலைந்துகொண்டிருந்தது.