மாவில் உருண்ட முத்திரை

சப்பாத்தி மாவில் முடி கிடந்தது. ஒற்றை முடி என்றால் கஜபதி கண்டுகொண்டிருக்க மாட்டார். இது கடா ஆட்டின் தாடியையே பிடுங்கிப் போட்டதுபோல ஒரு கொத்து. இழுக்க இழுக்க வந்தது. விட்டால் திருநின்றவூர் ஸ்டேஷன்வரை நீளும். கூடவே, வெயிலில் மூன்று நாள் கிடந்த கறியின் வாடை. நேற்று மிஞ்சி, பிரிட்ஜில் மூடி வைத்த மாவுதான். அது வியர்த்து, மெல்ல உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.

நேற்று செய்த குறும்பு நினைவுக்கு வந்தது. பஸ்ராவில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் யூசுப், விரல் நீளத்தில் ஓர் உருளைக் கல் கொடுத்திருந்தார். ஈராக்கில் நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் செதுக்கிய முத்திரையாம். களிமண்ணில் உருட்டினால் சித்திரம் விழும். வரிசையாக மூன்று ஆடுகள், பின்னால் அவற்றை ஓட்டிவரும் தாடிக்காரன். ஆவடியில் தொழிற்சாலை ஸ்டோர் பூட்டுக்கு முப்பது வருடம் அரக்கு முத்திரை வைத்த கை சும்மா இருக்குமா? மனைவி கோமளா தேய்த்து வைத்த சப்பாத்திகளில் உருட்டிவிட்டார்.

“சீல் வுழுந்துட்டா உள்ள கீறது அத்தினியும் சீல்காரனுக்குத்தான் சொந்தம், தெரிஞ்சிக்கோ!”

“ரிட்டையர் ஆயும் திருந்தல பாரு இந்த மனுஷன்,” என்று கோமளா நாலையும் சுட்டுத் தின்றாள். வயிறு சரியில்லாத கஜபதிக்கு வெறும் கஞ்சி.

இப்போது அதே கல்லை மாவில் மறுபடி உருட்டிப் பார்த்தார். ஆடுகள் இல்லை. தாடிக்காரனும் இல்லை. வழவழவென்று வெறும் தடம்.

“இன்னாங்க... முதுகுல இன்னாவோ ஊறுது. வந்து பாருங்களேன்.”

சாயங்கால வெயில் விழுந்த கட்டிலில் கோமளா குப்புறப் படுத்திருந்தாள். ரவிக்கையை விலக்கினார். முதுகு வெளுத்து, பிசைந்த மாவாகத் தொளதொளத்தது. தோளிலிருந்து இடுப்புவரை, தோலுக்கு அடியில், ஆடுகள் நடந்தன. அசைபோட்டன. ஒவ்வொரு மெல்லலுக்கும் சதை குழைந்தது.

தப்பாக விழுந்த அச்சை மாவில் அழிப்பதுபோல, உள்ளங்கையை நனைத்துத் தேய்த்தார். அழிய வேண்டும். கோமளா மிஞ்ச வேண்டும். தேய்த்தார். தோல் சுருண்டு கையோடு வந்தது. புளித்த வாடை.

“வலிக்குதா கோமு?”

“இல்லீங்க. கொண்டையப் புடிச்சி இழுக்காதீங்க.”

அவர் இழுக்கவில்லை.

வரிசை நகர்ந்தது. ஒரு ஆடு. ரெண்டு. மூன்று. நாலாவதாக, கட்டை விரலளவு ஒரு பெண். மூக்குத்தி. கொண்டை. கொண்டையில் தாடிக்காரனின் பிடி.

கட்டிலில் கோமளாவின் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தது. நாக்கு இல்லை. வாய் நிறைய மாவு. அதைப் பிளந்துகொண்டு, கொத்தாக, ஒரு தாடி வளர்ந்து வந்தது.