பதினெட்டில் முடிந்த பேரம்

ஏ.சி.யை இருபத்தாறில் வைத்துவிட்டுத்தான் தரகர் பாத்திரம் கழுவப் போயிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, படுக்கையறைச் சுவரில் அதன் பச்சை எழுத்து பதினாறு என்று காட்டிக்கொண்டிருந்தது.

ரிமோட் அவர் சட்டைப் பையில் இருந்தது.

“நீ தொட்டியா?” என்றார் மனைவியிடம்.

கழுத்துவரை போர்த்திக் கிடந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. “கல்லாச் சாவி மாதிரி அதை நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரியறது நீங்க. நான் என்ன, மூச்சு விட்டா அமுக்கினேன்?”

“பதினாறு காட்டுதே.”

“காட்டினாக் காட்டட்டும், அப்படியே விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” சிரிக்கப் போனவளை இருமல் பிடித்துக்கொண்டது. உள்ளே எதையோ பிறாண்டி எடுப்பது போன்ற இருமல்.

நிமோனியாவோடு பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். “இருபத்தாறு வைங்க. அதுக்குக் கீழே இறக்காதீங்க. காத்துல ஈரமும் குறைவா இருக்கணும். நெஞ்சு இன்னொரு தடவை தாங்காது” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முப்பது வருஷமாக அவள் இருபது கேட்பாள், அவர் இருபத்தேழில் நிற்பார், கடைசியில் இருபத்திரண்டில் பேரம் படியும். இந்த முறை பேரத்துக்கே இடமில்லை. இருபத்தாறு என்பது விலை இல்லை, அவள் உயிர். தரகர் அழுத்தினார். பீப். இருபத்தாறு.

மழை நின்றிருந்தது, ஆனால் அதன் ஈரம் போகவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கே சாயங்காலம் போல இருண்டு, கொடியில் மூன்று நாளாகக் காயாத துணி கனத்துத் தொங்க, ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து தெருவை மறைத்திருந்தது. மேஜைமேல் அவர் குடித்து மிச்சம் வைத்த குளிர்ந்த தண்ணீர் பாட்டில் முத்து முத்தாக வியர்த்து, தன் காலடியில் ஒரு வட்டக் குட்டையைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஏ.சி.யிலிருந்து வந்த காற்றில் ஒரு வாடை. தூசி வாடையோ பூஞ்சை வாடையோ இல்லை. அவர் தரகு பார்க்கும் மண்டிக்குப் பின்னால் இருக்கும் குளிர்கிடங்கில், யாரும் எடுக்க வராமல் வருஷக்கணக்கில் கிடக்கும் சரக்குக்கு ஒரு வாடை உண்டு. அந்த வாடை.

அவர் அவளுக்கு முதுகைக் காட்டி, அதே போர்வையின் ஓரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்த முதுகு. எப்போது அசந்தார் என்று தெரியாது.

விழிப்புத் தட்டியபோது, போர்வைக்கடியில் பின்னால் கிடந்த அவர் கையை இன்னொரு கை பிடித்திருந்தது.

ஒரு விரலைப் பிடித்து அழுத்தியது. பிறகு கை முழுவதையும். பிறகு மறுபடி ஒரு விரல்.

பதினாறு.

தரகருக்குத் தூக்கக் கலக்கத்திலும் சிரிப்பு வந்தது. மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு கைமேல் ஒரு துண்டைப் போட்டு, அடியில் விரல் பிடித்துத்தான் பேசுவார்கள். முதலில் பத்தின் கணக்கு, பிறகு ஒன்றின் கணக்கு, முழுக் கை என்றால் ஐந்து. கட்டைவிரலோடு கட்டைவிரல் அழுத்திவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அப்பனே வந்தாலும் பின்வாங்குகிற பேச்சில்லை. கல்யாணமான புதிதில் விளையாட்டாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஏ.சி. பேரம் எல்லாம் போர்வைக்கடியில்தான், பெரும்பாலும் ஜெயித்தது அவள்தான்.

கை ரொம்பச் சில்லென்று இருந்தது. பாவம், ரத்தம் வற்றிப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு விரல், முழுக் கை, ஒரு விரல். இருபத்தாறு.

அந்தப் பக்கம் அவசரப்படவில்லை. தேர்ந்த கை. பதினேழு.

இருபத்து நாலு என்றார்.

பதினேழு. அதே அழுத்தம், அதே நிதானம்.

இருபது.

பிறகு ஒரு விரல், முழுக் கை, மூன்று விரல். பதினெட்டு. கட்டைவிரல் நீண்டு வந்து காத்து நின்றது.

அப்போதுதான் தரகருக்கு அந்தக் குறுக்குப் புத்தி வந்தது. ரிமோட் தன் பையில். கையில் பதினெட்டைக் கொடுத்துவிட்டு, சுவரில் இருபத்தாறை வைத்துக்கொண்டால் யார் கேட்பது? ஜெயித்த சந்தோஷத்தில் நோயாளி நிம்மதியாகத் தூங்கட்டுமே. வாழ்க்கையில் முதல் தடவையாக, கொடுக்கப்போகாத விலைக்குக் கட்டைவிரலை அழுத்தினார்.

அந்தக் கை அவர் கையை ஒருமுறை குலுக்கிவிட்டு விலகியது.

“ஏங்க... அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க.”

குரல் குளியலறையிலிருந்து வந்தது.

தரகர் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் மெத்தை அமுங்கியே இருந்தது. குளியலறையில் குழாய் சொட்டியது. பிறகு மெத்தை, யாரோ எழுந்துகொண்டது போல, மெல்ல மேலே வந்தது.

திரும்பினார். யாருமில்லை. போர்வையைத் தூக்கினார். ஒன்றுமில்லை. அவர் உள்ளங்கை மட்டும் நனைந்திருந்தது.

“காதுல விழலையா? துண்டு!”

துண்டை எடுத்துப் போய்க் கொடுத்தார். “எப்ப எழுந்து வந்தே?”

“நீங்க குறட்டை விட ஆரம்பிச்சதுமே. கூப்பிட்டாலும் எழுந்திருக்கவா போறீங்க?” அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து படுத்தாள். போர்வையை இழுத்துவிட்டார். அவளைத் தனியாக விட மனமில்லாமல் பக்கத்திலேயே படுத்தார்.

“ஆஹா,” என்றாள். “இப்பதாங்க உடம்புக்கு இதமா இருக்கு. ஒருவழியா பதினெட்டுக்கு இறங்கி வந்தீங்களே.”

அவர் சுவரைப் பார்த்தார். இருபத்தாறு. அலமாரியிலிருந்த அறை வெப்பமானியைப் பார்த்தார். அதுவும் இருபத்தாறு.

இறங்கியது அறை இல்லை.

அவள் நெற்றியில் வியர்வை. காய்ச்சல் விடுகிறது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி என்று ஒரு நொடி மனசு துள்ளியது. துண்டால் ஒற்றினார். மறுபடி பூத்தது. கன்னத்தில், கழுத்தில், மூடிய உதட்டின்மேல். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பில்லை.

வெறும் தண்ணீர். சில்லென்று.

மேஜைமேல் பாட்டில். அதே முத்து. அதே அளவு. அவளைச் சுற்றி விரிப்பில் ஈரம் பரவியது. பாட்டிலின் காலடியில் பரவியது போல.

குளியலறையிலிருந்து வந்தது முதல் அவள் இருமவே இல்லை. அது இப்போதுதான் உறைத்தது. மூச்சுக்குப் போர்வை ஏறுகிறதா என்று பார்த்தார். இறங்குகிறதா என்று பார்த்தார்.

“நீங்க ஏன் இப்படிக் கொதிக்கிறீங்க?” என்றாள் பிரியமாக. அவள் கைகள் இரண்டும் போர்வைக்கு மேலே, நெஞ்சின்மேல், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

போர்வைக்கடியில் ஒரு கை அவர் கையைத் தேடி எடுத்தது.

ஒரு விரல்.

முழுக் கை.

ஒரு விரல்.

மறுபடி பதினாறு. அது காத்திருந்தது. அவசரப்படவில்லை. அவள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். திறந்த கருவிழியின்மேல் ஒரு துளி பூத்தது, பெருத்தது, வழிந்தது. அவள் இமைக்கவில்லை.