எட்டுப் பேருக்கு ஒரு பூத்திரை

மாலை ஏழு மணியானால் போதும், பட்டாணி கூடத்தைச் சீர்செய்யத் தொடங்கிவிடுவாள். ஓரிடத்தில் நில்லாமல் உருண்டோடுவதால் அவளுக்கு அந்தப் பெயர். மழைக்காலத்தில் அந்த வீட்டுச் சுவர்களில் ஈரம் ஊறாத இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே நாற்காலியைப் போட்டு, முகம் கழுவி, தலைவாரி அமர்ந்துகொள்வாள். அயல்நாட்டு ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்யும் அம்மா ஏழரைக்குக் கைப்பேசியில் அழைப்பாள். பளிச்சென்ற சுவரும், பல் தெரியச் சிரிக்கும் மகளும் மட்டுமே அம்மாவின் கண்ணில் படும்.

அம்மாவும் பூப்போட்ட திரை ஒன்றின் முன்னால் அமர்ந்து, சிரித்தபடியே பேசுவாள்.

"இங்க எனக்கு ராணி மாதிரி அறை, கண்ணு!"

ஆனால் மூன்று நாளாகப் பட்டாணி அம்மாவிடம் பேசவில்லை. பள்ளி நாடகத்தைக் கைப்பேசியில் பார்ப்பதாகச் சொன்ன அம்மா, அன்று வரவே இல்லை.

"உனக்கென்ன, ராணி வாழ்க்கை! எங்கள எதுக்கு நினைக்கப் போற? இனிமே என்கிட்ட பேசாத!" என்று கத்தி, அழைப்பைத் துண்டித்திருந்தாள்.

நான்காம் நாள் எட்டு மணி நெருங்கும்போதுதான் அப்பா வந்து அழைப்பை எடுத்தார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்.

"எங்க அவ?" என்றாள் அம்மா.

"மூலையில உக்காந்திருக்கா. மூஞ்சி இன்ஜின் மாதிரி கொதிக்குது. கிட்டப் போனா ஆவி அடிக்கும்."

மழை வலுத்தது. ஒழுகல் தண்ணீருக்கு வைத்த வாளி நிரம்பி வழிந்தது. "ஒரு நிமிஷம் இரு" என்று கைப்பேசியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பட்டாணி மெல்ல எட்டிப் பார்த்தாள்.

எதிரே யாருமில்லை என்று எண்ணிய அம்மாவின் முகத்தில் சிரிப்பு சட்டென்று அணைந்தது. யாரோ ஒரு பெண் வந்து பூத்திரையைக் கழற்றி எடுத்துப் போனாள். பின்னால் மூன்றடுக்கு இரும்புக் கட்டில்கள். கயிற்றில் ஈரத்துணிகள். கையால் கண்ணை மூடியபடி உறங்கும் பெண்கள். அம்மா தன் வீங்கிய விரல்களை வெந்நீர்க் கிண்ணத்தில் அமிழ்த்திப் பல்லைக் கடித்தாள்.

"அம்மா!"

அம்மா பதறிப்போனாள். "ஐயோ கண்ணு! அது... இன்னிக்கு வேற அறையில..."

"பொய் சொல்லாதம்மா."

அம்மா விரல்களை வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஒரு அறைதான்டா. எட்டுப் பேர் இருக்கோம். அந்தத் திரையும் ஒண்ணுதான். வீட்டுக்குப் பேசறப்போ ஆளுக்கு அரை மணி நேரம் மாட்டிக்குவோம். இப்ப அந்த அக்காவோட முறை. அவங்க பாஷை எனக்குத் தெரியாது. அவங்க பையனும் பேச மாட்டேங்கறான், அது மட்டும் புரியுது."

"நாடகத்தன்னிக்கு?"

"ஓவர்டைம். ஃபோனைத் தொழிற்சாலை வாசல்லயே வாங்கி வச்சுட்டாங்க."

"ஏம்மா சொல்லல?"

"நீ எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருந்தியா... அதக் கெடுக்க மனசு வரல."

பட்டாணி கைப்பேசியைக் கையிலெடுத்துக் கூடத்தைச் சுற்றிக் காட்டினாள். உப்பிய சுவர், பூசணம் பிடித்த மூலை, தரையெல்லாம் தண்ணீர், முட்டிபோட்டுத் துடைக்கும் அப்பா.

"அடியே, என்னை ஏன் காட்டற? மேல சட்டைகூட இல்ல!" என்று அப்பா அலறினார்.

அம்மா சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்பே அழுகையும் வந்துவிட்டது.

"அன்னிக்கு அப்படிக் கத்தினது தப்பும்மா. மூணு நாள் உன்னைக் காக்க வச்சதும் தப்பு" என்றாள் பட்டாணி. "நீ கையத் தண்ணியில வை. ஃபோனை எதுலயாவது சாய்ச்சு வச்சுடு. நீ எதுவும் பேச வேண்டாம்."

அம்மா விரல்களை மீண்டும் வெந்நீரில் வைத்தாள். பட்டாணி அந்த மூன்று நாள் கதையையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள், அழுத இடங்களைக்கூட விடாமல்.